ஆறு ஓட்டு, நூறு சதவீதம்: டிக்ஸ்வில் நாட்ச் கணக்கைப் பிரித்துப் பார்த்தால்

2024 நவம்பர் 5, நள்ளிரவு 12 மணி. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் வடகோடியில், கனடா எல்லைக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தெற்கே, ஆறு பேர் ஓட்டுப் போட்டார்கள். சில நிமிடங்களில் எண்ணி முடித்தார்கள். கமலா ஹாரிஸுக்கு 3, டொனால்ட் ட்ரம்புக்கு 3. பட்டியலில் இருந்த ஆறு பேரும் போட்டுவிட்டதால் வாக்குப்பதிவு 100 சதவீதம். விடிவதற்குள் உலகம் முழுக்கச் செய்தி போய்விட்டது.

இந்த ஊரின் பெயர் டிக்ஸ்வில் நாட்ச். 1960 முதல் ஒவ்வொரு அதிபர் தேர்தலிலும் இங்கே நள்ளிரவு வாக்குப்பதிவு நடந்து வருகிறது. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே இடத்தில், ஏறத்தாழ ஒவ்வொரு தலையாக எண்ணிவிடக்கூடிய அளவில், பதிவான முடிவுகள் கிடைப்பது அபூர்வம். சிறு கிராமத்தின் அரசியல் சாய்வையும் வாக்குப்பதிவு அளவையும் எப்படிப் படிக்க வேண்டும், எங்கே தவறாகப் படித்துவிடுகிறோம் என்பதைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. இந்த ஊரின் இரண்டு புகழ்பெற்ற எண்களும், அதாவது நூறு சதவீதமும் யாருக்கு எத்தனை என்ற கணக்கும், மக்களின் மனநிலையைக் காட்டுவதற்கு முன்னால் வாக்காளர் பட்டியலில் யார் இருக்கிறார்கள் என்பதையே காட்டுகின்றன. அதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

இடமும் ஆட்களும்

டிக்ஸ்வில் தனி நகராட்சி கிடையாது. கோஆஸ் மாவட்டத்தில் உள்ளாட்சி அமைப்பு இல்லாத ஒரு நிலப்பகுதி. 'நாட்ச்' என்றால் அந்தப் பக்கத்துப் பேச்சில் மலைக்கணவாய். கணவாயின் அடியில் ஏரிக்கரையில் பால்சம்ஸ் என்ற பெரிய பழைய ஹோட்டல். 1954இல் அதை வாங்கியவர் நீல் டில்லட்சன். பலூனும் ரப்பர் கையுறையும் செய்து பணம் ஈட்டிய தொழிலதிபர். ஹோட்டலில் வேலை பார்த்தவர்கள், அவருடைய ரப்பர் ஆலையில் வேலை பார்த்தவர்கள், அவர்களுடைய குடும்பங்கள்: ஊர் என்று சொன்னால் இவ்வளவுதான். கடைத்தெரு இல்லை. இங்கே குடியிருப்பு என்பது வேலையோடு ஒட்டியது. இந்த ஒரு விஷயத்தை மனதில் இருத்திக்கொண்டால் பின்னால் வரும் எண்கள் எல்லாம் புரியும்.

1960க்கு முன்பு இங்கிருந்தவர்கள் ஓட்டுப் போட வேறு ஊருக்குப் பயணம் போக வேண்டியிருந்தது. டில்லட்சன் தங்கள் இடத்திலேயே ஒரு வாக்குச்சாவடி வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். பொழுது விடிந்ததும் அவரவர் வேலைக்குப் போக வேண்டும். நள்ளிரவிலேயே போட்டுவிட்டால் நாட்டிலேயே முதல் முடிவும் தங்களுடையதாக இருக்கும். ஹோட்டலுக்குச் சொந்தமாகத் தொலைபேசி இணைப்பகமே இருந்தது. அந்தக் காலத்தில் செய்தி நிறுவனங்களுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? 1960 நவம்பரில் ஒன்பது ஓட்டு. ஒன்பதும் ரிச்சர்ட் நிக்சனுக்கு. கென்னடிக்குப் பூஜ்யம்.

2001இல் தம் 102ஆவது வயதில் இறக்கும்வரை முதல் ஓட்டைப் போட்டவர் டில்லட்சன்தான். ஓட்டுச்சீட்டைப் பெட்டியின் வாய்க்கு மேலே பிடித்துக்கொண்டு கடிகாரத்தையே பார்த்தபடி நிற்பார். முள் பன்னிரண்டைத் தொட்டதும் விரல்களை விடுவார். அந்தப் படம் நாற்பது வருடம் பத்திரிகைகளில் வந்தது.

நூறு சதவீதம் எப்படி வருகிறது

நியூ ஹாம்ப்ஷயர் சட்டப்படி நூறு பேருக்கும் குறைவான மக்கள்தொகை உள்ள ஊர்கள் நள்ளிரவில் வாக்குப்பதிவைத் தொடங்கலாம். பட்டியலில் உள்ள எல்லோரும் போட்டுவிட்டால் உடனே மூடவும் செய்யலாம். நூறு சதவீதத்தின் விளக்கம் முழுவதும் இந்த இரண்டாவது வரியில் இருக்கிறது.

ஒருவர் வரவில்லை என்றால் பெட்டியை மூட முடியாது. மற்ற ஊர்களைப் போல மாலை வரை திறந்துவைத்துக் காத்திருக்க வேண்டும், முடிவும் அப்போதுதான். அதனால் நள்ளிரவு வாக்குப்பதிவை நடத்த முனைகிற ஊர், பட்டியலில் உள்ள ஒவ்வொருவரும் வருவார் அல்லது தபால் ஓட்டைத் தந்துவிட்டார் என்பதை முன்கூட்டியே உறுதி செய்துகொண்டுதான் இறங்கும். அப்படி உறுதி செய்ய முடியாத ஊர் இறங்கவே இறங்காது. இங்கே நூறு சதவீதம் என்பது முயற்சியின் விளைவு என்பதைவிட, முயற்சிக்கான முன்நிபந்தனை. "சின்ன ஊர் மக்களுக்கு அரசியல் ஆர்வம் அதிகம்" என்பதற்கு டிக்ஸ்வில்லைச் சான்றாகக் காட்டுகிறவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

நடைமுறை எளியது. மாநிலத்திலிருந்து ஓட்டுச்சீட்டுகள் முன்பே வந்து சேர்ந்துவிடும். தேர்தலை நடத்துகிறவருக்கு மாடரேட்டர் என்று பெயர். பட்டியலைப் பராமரிக்கத் தனி மேற்பார்வையாளர்கள், பதிவுக்கு ஓர் எழுத்தர், ஊர்ப் பொறுப்புக்குச் செலக்ட்மென் எனப்படும் மூவர். வெளியிலிருந்து அலுவலர் யாரும் அனுப்பப்படுவதில்லை. ஓட்டுப் போடுகிறவர்களே இந்தப் பதவிகளையும் வகிக்க வேண்டும். பால்சம்ஸ் ஹோட்டலில் இதற்கென்றே ஓர் அறை இருந்தது. ஆளுக்கொரு தடுப்பு, அதனால் வரிசை கிடையாது. பன்னிரண்டு அடித்ததும் ஒவ்வொருவராகப் பெட்டியில் போடுவார்கள், பட்டியலில் பெயருக்கு நேரே குறி விழும். கடைசிப் பெயருக்குக் குறி விழுந்ததும் பெட்டியைக் கவிழ்த்து, சீட்டுகளைப் பிரித்து, உரக்கப் படித்து, எல்லோரும் பார்க்கும் பலகையில் எழுதுவார்கள்.

சீட்டில் வேட்பாளர் பெயர்களுக்குக் கீழே வெற்றுக் கோடு ஒன்று உண்டு. வேறு யார் பெயரையும் அதில் எழுதலாம். ஊர் சிறிதாக இருந்தால் அந்த வெற்றுக் கோட்டுக்கே வெற்றி கிடைத்துவிடும். 2020 பிப்ரவரியில் நடந்த முதற்கட்டத் தேர்தலில் (ஒவ்வொரு கட்சியும் தன் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடத்தும் தேர்தல் இது) நியூயார்க் முன்னாள் மேயர் மைக்கேல் புளூம்பெர்க்கின் பெயர் நியூ ஹாம்ப்ஷயர் சீட்டிலேயே இல்லை. ஆனால் பதிவான ஐந்து ஓட்டில் மூன்று அவருக்கு, இரண்டு ஜனநாயகக் கட்சிச் சீட்டிலும் ஒன்று குடியரசுக் கட்சிச் சீட்டிலும் கையால் எழுதி. இரண்டு கட்சியிலும் அவரே முதலிடம்.

முடிவுகள்

அதிபர் தேர்தல்களில் முக்கியமானவை மட்டும் (நிக்சன், இரு புஷ்கள், மெக்கெய்ன், ராம்னி, ட்ரம்ப் குடியரசுக் கட்சி; நேடரும் ஜான்சனும் சிறு கட்சிகள்; மற்றவர்கள் ஜனநாயகக் கட்சி):

1960: நிக்சன் 9, கென்னடி 0
1968: ஹம்ஃப்ரி 8, நிக்சன் 4
1988: புஷ் (தந்தை) 34, டுகாகிஸ் 3
2000: புஷ் (மகன்) 21, கோர் 5, நேடர் 1
2004: புஷ் 19, கெர்ரி 7
2008: ஒபாமா 15, மெக்கெய்ன் 6
2012: ஒபாமா 5, ராம்னி 5
2016: ஹிலரி கிளின்டன் 4, ட்ரம்ப் 2, கேரி ஜான்சன் 1, ராம்னி (கையால் எழுதியது) 1
2020: பைடன் 5, ட்ரம்ப் 0
2024: ஹாரிஸ் 3, ட்ரம்ப் 3

மேலோட்டமாகப் பார்த்தால் கதை தானாகவே எழுதிக்கொள்ளும்: குடியரசுக் கட்சியின் கோட்டை, 1968இல் ஒரே ஒரு விலகல், பிறகு நாற்பது வருடம் உறுதி, 2008இல் ஒபாமா அலை, பின்னர் ஜனநாயகக் கட்சி ஊர், 2024இல் இழுபறி. இப்படித்தான் பல செய்திகள் எழுதப்பட்டன. இந்தக் கதையில் வரிசை சரி. ஆனால் "ஊர் மனம் மாறியது" என்ற சொல்லுக்கு இந்த எண்களிலிருந்து ஆதாரம் கிடைக்காது. ஏன் என்று பார்க்க 2004ஐயும் 2008ஐயும் பக்கத்தில் வைத்துக்கொள்வோம்.

மாறியவர் எத்தனை, போனவர் எத்தனை

2004இல் 26 ஓட்டு. 2008இல் 21. குடியரசுக் கட்சிக்கு 19 போய் 6 ஆனது. ஜனநாயகக் கட்சிக்கு 7 போய் 15 ஆனது.

முதலில் ஓர் எல்லையை எடுத்துக்கொள்வோம். புதிதாக யாருமே வரவில்லை, ஐந்து பேர் மட்டும் ஊரைவிட்டுப் போனார்கள் என்றால், ஒபாமாவுக்குப் போட்ட 15 பேரும் 2004இலும் அங்கே போட்டவர்கள். அப்போது கெர்ரிக்குப் போட்டவர்களே மொத்தம் 7 பேர். ஆக, குறைந்தது 8 பேர் கட்சி மாறிப் போட்டிருக்க வேண்டும். 21 பேரில் 8 பேர் மாறுவது பெரிய அலைதான்.

இப்போது மறு எல்லை. ஒருவர்கூட மாறவில்லை. புஷ்ஷுக்குப் போட்ட 13 பேர் ஊரைவிட்டுப் போனார்கள், புதிதாக 8 பேர் வந்தார்கள், வந்த எட்டுப் பேரும் ஒபாமாவுக்குப் போட்டார்கள். 26இல் 13 கழித்து 8 கூட்டினால் 21. கணக்கு அப்படியே பொருந்துகிறது.

ஒரே எண்கள்தான். ஒரு முனையில் எட்டுப் பேரின் மனமாற்றம், மறு முனையில் ஒருவர்கூட மாறவில்லை. உண்மை இடையில் எங்கோ இருக்கும். மொத்த ஓட்டை மட்டும் வைத்துக்கொண்டு அது எங்கே என்று யாராலும் சொல்ல முடியாது. வேலையோடு குடியிருப்பு ஒட்டிய ஊரில் நான்கு வருடத்தில் ஆள் மாறுவது இயல்பு. அதனால் இரண்டாவது முனையைக் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. இரண்டு தேர்தல்களின் பட்டியலையும் பெயர் பெயராக ஒத்துப்பார்த்து எத்தனை பெயர் பொது, எத்தனை புதிது என்று எண்ணினால்தான் இடைவெளி சுருங்கும். புதுப் பெயர் ஒவ்வொன்றும் "குறைந்தது எட்டு" என்பதிலிருந்து ஒன்றைக் குறைத்துவிடும். எட்டுப் புதுப் பெயர் இருந்தால் அலை என்ற சொல்லுக்கே இடமில்லை.

இதே கணக்கை 2020–2024க்கும் போடலாம். பைடனுக்குப் போட்ட ஐவரும் அங்கேயே இருந்து ஒரே ஒருவர் புதிதாக வந்தார் என்றால், ட்ரம்ப்பின் மூன்றில் புதியவருடையது அதிகபட்சம் ஒன்று. குறைந்தது இரண்டு பேர் மாறியிருக்க வேண்டும். மூவர் வந்து இருவர் போயிருந்தால் மாறியவர் பூஜ்யமாகவும் இருக்கலாம்.

2016இலிருந்து 2020க்கு வந்தபோது மட்டும் பொதுவெளியில் ஒரு தகவல் உண்டு. பால்சம்ஸை மீண்டும் கட்டியெழுப்பத் திட்டமிட்ட லெஸ் ஆட்டன் 2019க்குப் பிறகு டிக்ஸ்வில்லின் வாக்காளர். தாம் வாழ்நாள் முழுக்கக் குடியரசுக் கட்சிக்காரர் என்றும் இந்த முறை பைடனுக்குப் போடுவதாகவும் அவரே வெளிப்படையாகச் சொன்னார். கிளின்டனின் 4, ஆட்டன் 1, பைடன் 5 என்று கூட்டினால் அழகாகப் பொருந்துகிறது. அழகாகப் பொருந்துவதாலேயே அது உண்மையாகிவிடாது என்பதையும் இங்கேயே சொல்ல வேண்டும். கிளின்டனுக்குப் போட்ட நால்வரும் 2020இல் அங்கே இருந்தார்களா என்பதை அந்தக் கூட்டல் காட்டாது.

பகுதி எண்ணின் சிக்கல்

பள்ளிக்கூடத்தில் பின்னத்தின் மேலெண்ணைத் தொகுதி என்றும் கீழெண்ணைப் பகுதி என்றும் படித்தோம். வாக்குப்பதிவு சதவீதத்தில் தகராறு எப்போதும் பகுதியில்தான். டிக்ஸ்வில்லில் அந்தப் பகுதிக்கு மூன்று எண்களை வைக்கலாம். மூன்றும் மூன்று விடை தரும்.

முதலாவது, தேர்தலுக்கு முந்தைய நாள் பட்டியலில் இருக்கும் பெயர்கள். இரண்டாவது, வாக்குப்பதிவு முடிந்தபின் உள்ள பெயர்கள். நியூ ஹாம்ப்ஷயரில் தேர்தல் நாளன்றே வாக்குச்சாவடிக்கு வந்து பெயரைச் சேர்த்து ஓட்டும் போடலாம். அதனால் முந்தைய நாள் பட்டியலை வைத்து வகுத்தால் நூற்றுக்கு மேலே போகவும் இடமுண்டு. இது மோசடி அல்ல, வகுத்த எண் தவறு. பெரிய ஊரில் இந்த வேறுபாடு சில சதவீதத்தில் அடங்கிவிடும். ஆறு பேர் உள்ள இடத்தில் ஒருவர் அன்று சேர்ந்தாலே 5 பேருக்கு 6 ஓட்டு, 120 சதவீதம்.

மூன்றாவது, மக்கள்தொகைக் கணக்கு. டிக்ஸ்வில்லில் 2000இல் 75 பேர், 2010இல் 12, 2020இல் 4. இதில்தான் கவனம் வேண்டும். 2020 ஏப்ரல் கணக்கில் 4 பேர், அதே ஆண்டு நவம்பரில் 5 ஓட்டு. கூட ஒரு ஓட்டு விழுந்தது எப்படி என்று குற்றம் கண்டுபிடிக்கக் கிளம்புவதற்கு முன் இரண்டை நினைவில் கொள்ள வேண்டும். கணக்கெடுப்பு ஏப்ரல் 1 அன்று யார் வழக்கமாக அங்கே வசிக்கிறார் என்று கேட்கிறது. தேர்தல் சட்டம் நவம்பரில் யாருடைய நிலையான இருப்பிடம் அது என்று கேட்கிறது. இரண்டு நாள், இரண்டு வரையறை. கூடவே, 2020 கணக்கெடுப்பில் தனிநபர் விவரம் வெளிப்பட்டுவிடக் கூடாது என்பதற்காக மாநிலத்துக்குக் கீழான எண்களில் வேண்டுமென்றே சிறு ஏற்ற இறக்கம் சேர்க்கப்பட்டிருக்கிறது. கோடிக் கணக்கில் அது தெரியவே தெரியாது. நான்கு பேர் உள்ள இடத்தில் அந்த எண்ணை நம்பி எதையும் வகுக்கக் கூடாது.

75 ஏன் 12 ஆனது? பால்சம்ஸ் 2011 செப்டம்பரில் மூடப்பட்டது, அதனால் ஊர் காலியானது என்று எழுதிவிடுவது சுலபம். ஆனால் 12 என்ற எண் 2010 ஏப்ரலிலேயே வந்துவிட்டது. மூடலுக்கு முன்பே ஆட்கள் போய்விட்டார்கள். மூடல் பிறகு வந்து மிச்சத்தையும் குறைத்தது. ஏப்ரல் என்பது பனிச்சறுக்குப் பருவம் முடியும் நேரம், ஹோட்டல் ஊழியர் எண்ணிக்கை குறைந்திருக்கும் என்றும் சமாதானம் சொல்ல முடியாது, ஏனென்றால் 2000 கணக்கும் ஏப்ரல் 1தான். இந்த மாதிரி வரிசைப் பிசகு சிறு ஊர் ஆய்வுகளில் அடிக்கடி நேரும்: பெயர் தெரிந்த ஒரு நிகழ்வைக் காரணமாக ஒட்டிவிடுவோம், ஆனால் எண்கள் அதற்கு முன்பே இறங்கியிருக்கும்.

நம் ஊர்க் கிராமங்களில் இதே சிக்கல் தலைகீழாக வரும். திருப்பூருக்கும் சென்னைக்கும் பிழைக்கப் போனவர்கள், இறந்தவர்கள், கல்யாணமாகிப் போனவர்கள் பட்டியலிலேயே இருப்பார்கள். பகுதி எண் வீங்கியிருப்பதால், ஊரில் இருக்கிற அத்தனை பேரும் போட்டாலும் 70 சதவீதம் என்று வரும். ஒரு முறை பட்டியலைச் சுத்தம் செய்துவிட்டால் ஓர் ஓட்டும் கூடாமலேயே சதவீதம் ஏறும். டிக்ஸ்வில்லில் பகுதி எண் சுத்தமாக இருப்பதற்குக் காரணம், பட்டியலை வைத்திருப்பவருக்கு அதிலுள்ள ஒவ்வொருவரையும் தெரியும் என்பதுதான்.

பதிவுக் கட்சியும் போட்ட ஓட்டும்

நியூ ஹாம்ப்ஷயரில் வாக்காளர் பெயருக்குப் பக்கத்தில் கட்சியும் பதிவாகும்: குடியரசு, ஜனநாயகம், அல்லது கட்சி அறிவிக்காதவர். அறிவிக்காதவர் முதற்கட்டத் தேர்தலில் எந்தக் கட்சியின் சீட்டையும் கேட்டு வாங்கலாம். வாங்கிய கணமே அந்தக் கட்சிக்காரராகப் பதிவாகிவிடுவார். பழைய நிலைக்குத் திரும்ப வேண்டுமானால் அங்கேயே ஓர் அட்டையை நிரப்பிக் கொடுக்க வேண்டும். மறந்துவிட்டால் அடுத்த முறை வரை பட்டியலில் அந்தக் கட்சிதான். கட்சிப் பதிவை வைத்து ஊரின் சாய்வைக் கணக்கிடுகிறவர்கள் இந்த அட்டையை மறந்துவிடக் கூடாது. பதிவில் இருக்கும் சிலர் உண்மையில் மறதியால் அங்கே இருப்பவர்கள்.

2024இல் டிக்ஸ்வில்லின் ஆறு பேரில் குடியரசுக் கட்சிப் பதிவு நான்கு, அறிவிக்காதவர் இரண்டு. ஜனவரி முதற்கட்டத் தேர்தலில் ஆறு பேரும் குடியரசுக் கட்சிச் சீட்டிலேயே போட்டார்கள், ஆறும் ட்ரம்ப்பை எதிர்த்துப் போட்டியிட்ட நிக்கி ஹேலிக்கு. ட்ரம்ப்புக்குப் பூஜ்யம். மாநிலம் முழுக்க அன்று ஜெயித்தது ட்ரம்ப். நவம்பரில் ஹாரிஸுக்கு மூன்று விழுந்தது. அறிவிக்காதவர் இருவர்தான் என்பதால், அவர்கள் இருவரும் ஹாரிஸுக்கே போட்டிருந்தாலும் குடியரசுக் கட்சிப் பதிவுள்ள ஒருவராவது ஹாரிஸுக்குப் போட்டிருக்க வேண்டும். கணக்குக் கட்டாயமாகச் சொல்வது அவ்வளவு. ஜனவரியில் இருந்த அதே ஆறு பேர்தான் நவம்பரிலும் என்றால் இன்னொன்றும் சொல்லலாம்: ஹேலிக்குப் போட்டவர்கள் சரிபாதியாகப் பிரிந்தார்கள்.

கவனியுங்கள், யாரிடமும் கேட்காமல், வெளியிட்ட எண்களை மட்டும் வைத்து இவ்வளவு தூரம் வந்துவிட்டோம். இதுதான் சிறு ஊரின் பெரிய கேடு. 2020இல் பைடனுக்கு 5–0 என்று அறிவித்த நொடியில் ஐந்து பேரின் ரகசிய ஓட்டும் வெளியே வந்துவிட்டது. ஒருமனதாக முடிவு வந்தால் ரகசியம் என்று ஒன்று மிஞ்சாது. ஒருவர் மட்டும் விலகிப் போட்டால், மற்ற அனைவருக்கும் அவர் யாரென்று யோசிக்கும் வேலை தொடங்கிவிடும். டிக்ஸ்வில்லில் இருப்பவர்கள் இதை அறிந்தே, கேமராக்களுக்கு முன்னால், விரும்பி ஏற்கிறார்கள். எல்லாக் கிராமத்திலும் அப்படி இருக்காது.

இந்தியாவில் இது நேரடியான பிரச்சினை. ஓட்டுச்சீட்டுக் காலத்தில், மிரட்டலுக்கு வாய்ப்பு இருக்கும் இடங்களில் பல பூத்துகளின் சீட்டுகளைக் கலந்து எண்ணும்படி ஆணையம் உத்தரவிட 1961 தேர்தல் நடத்தை விதிகளில் 59A பிரிவு இருந்தது. மின்னணு இயந்திரம் வந்தபின் பூத் வாரியாக முடிவு தெரிகிறது, படிவம் 20இல் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எந்தத் தெரு தனக்குப் போடவில்லை என்று தோற்றவருக்கும் ஜெயித்தவருக்கும் தெரியும். பதினான்கு இயந்திரங்கள் வரை சேர்த்து ஒரே கூட்டுத்தொகை காட்டும் டோட்டலைசர் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008இல் முன்மொழிந்தது. சட்ட ஆணையத்தின் 255ஆவது அறிக்கையும் 2015இல் அதைப் பரிந்துரைத்தது. இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. வந்திருக்க வேண்டும். சிறு சமூகங்கள் தனித்த பூத்தில் வாக்களிக்கும் இடங்களில் அச்சமில்லாமல் ஓட்டுப் போட இதைவிட எளிய வழி இல்லை. குஜராத்தின் கீர் காட்டில் பனேஜ் என்ற இடத்தில் ஒரே ஒரு வாக்காளருக்காகப் பல தேர்தல்களில் சாவடி அமைத்தார்கள். ஜனநாயகத்தின் பெருமை என்று அதைக் கொண்டாடினோம். அந்த ஒருவரின் ஓட்டு யாருக்கு என்பது முடிவுப் பட்டியலிலேயே இருக்கும் என்பதைப் பேசியவர்கள் குறைவு.

பக்கத்து ஊர்கள்

டிக்ஸ்வில்லுக்குத் தென்கிழக்கே ஒட்டியே இருக்கிறது மில்ஸ்ஃபீல்ட். அதே மாவட்டம், அதே மலை, அதே குளிர். 2016இல் அங்கே நள்ளிரவு வாக்குப்பதிவை மீண்டும் தொடங்கினார்கள். ட்ரம்ப் 16, கிளின்டன் 4, கையால் எழுதியதில் சாண்டர்ஸ் 1. 2020இலும் ட்ரம்ப் 16, பைடன் 5. மாவட்டத்தோடு ஒத்துப்போவது இந்த ஊர்தான்: கோஆஸ் மாவட்டம் 2008, 2012இல் ஒபாமாவுக்கும், 2016, 2020இல் ட்ரம்ப்புக்கும் பெரும்பான்மை தந்தது. காகித ஆலைகள் மூடிய மாவட்டம் அது. மாவட்டம் ஒரு திசையில் போனபோது டிக்ஸ்வில் எதிர்த் திசையில் போனது. அந்த மண்ணின் அரசியலை அறிய ஒருவர் டிக்ஸ்வில்லைப் பார்த்தால் தவறான விடையே கிடைக்கும்.

தெற்கே வெள்ளை மலைகளில் ஹார்ட்ஸ் லொகேஷன். இங்கே நள்ளிரவு வாக்குப்பதிவு 1948இல் தொடங்கியது, டிக்ஸ்வில்லுக்குப் பன்னிரண்டு வருடம் முன்னால். காரணம் உழைப்பு சார்ந்தது: அங்கிருந்தவர்களில் பலர் ரயில்வே தொழிலாளர்கள், வழக்கமான நேரத்தில் சாவடி திறப்பதற்கு முன்பே வேலைக்குப் போய்விட வேண்டியவர்கள். செய்தியாளர் கூட்டம் தாங்காமல் 1960களில் நிறுத்திவிட்டு 1996இல் மீண்டும் தொடங்கினார்கள். 2012இல் ஒபாமா 23, ராம்னி 9, ஜான்சன் 1. 2016இல் கிளின்டன் 17, ட்ரம்ப் 14.

2016 நவம்பர் 8 அதிகாலையில் மூன்று ஊரையும் கூட்டி "ட்ரம்ப் 32, கிளின்டன் 25, ட்ரம்ப் முன்னிலை" என்று செய்தி ஓடியது. அந்த ஏழு ஓட்டு முன்னிலை எங்கிருந்து வந்தது? மில்ஸ்ஃபீல்டில் மட்டும் ட்ரம்ப்புக்குப் பன்னிரண்டு கூடுதல். மற்ற இரண்டு ஊரிலும் கிளின்டனே முன்னிலை. மில்ஸ்ஃபீல்ட் அந்த ஆண்டு பழைய வழக்கத்துக்குத் திரும்பாமல் இருந்திருந்தால் இதே அதிகாலைச் செய்தி கிளின்டன் 21, ட்ரம்ப் 16 என்று வந்திருக்கும். மாநில முடிவு கிளின்டனுக்கு 2,736 ஓட்டு வித்தியாசத்தில் வந்தது. எந்த ஊர்கள் சீக்கிரம் எண்ணுகின்றன என்பதுதான் முன்னிலையைத் தீர்மானித்தது. நம் தேர்தல் நாளில் முதல் சுற்று எண்ணும்போது நகரத்துச் சாவடியா கிராமத்துச் சாவடியா என்று பார்க்காமல் லீடிங் பேசுவதும் இதே பிழைதான்.

எங்கே முறிகிறது

ஊர் சுருங்கும்போது முதலில் முறிவது தேர்தலை நடத்தும் அமைப்பு. மாடரேட்டர், எழுத்தர், மூன்று செலக்ட்மென், பட்டியல் மேற்பார்வையாளர்கள் என்று பதவிகளை எண்ணினால் வாக்காளர் எண்ணிக்கையைத் தொட்டுவிடும். 2018 தேர்தலுக்குப் பிறகு இந்த நிலைமை டிக்ஸ்வில்லுக்கு வந்தது. பதவிகளை நிரப்ப ஆள் போதவில்லை. 2020 முதற்கட்டத் தேர்தல் அங்கே நடக்காமலே போகும் நிலை. ஆட்டன் குடியேறிப் பட்டியலில் சேர்ந்ததால்தான் எண்ணிக்கை நிறைந்தது. மாடரேட்டராக நீல் டில்லட்சனின் மகன் டாம் டில்லட்சன் தொடர்ந்தார்.

இரண்டாவது முறிவு இருப்பிடத் தகுதியில். 2016இல் வாக்களித்தவர்கள் உண்மையில் அங்கே குடியிருந்தவர்களா என்று மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் விசாரித்தது. நியூ ஹாம்ப்ஷயரில் ஒருவருடைய வாக்கு இருப்பிடம் என்பது வேறெந்த இடத்தையும்விட அதிகமாக அவர் தங்கி, தம் வீட்டு வாழ்க்கையையும் பொது வாழ்க்கையையும் தொடர்ந்து நடத்த எண்ணியிருக்கும் இடம். மூடிக்கிடக்கும் ஹோட்டலைச் சீரமைக்க வந்து போகிறவர் அங்கே குடியிருப்பவரா? ஐயாயிரம் வாக்காளர் உள்ள ஊரில் இப்படிப்பட்ட கேள்விக்குரிய பெயர் இருபது இருந்தாலும் முடிவு அசையாது. எட்டு ஓட்டில் ஒரு பெயர் கேள்விக்குள்ளானால் பன்னிரண்டரை சதவீதம் கேள்விக்குள்ளாகிறது.

இந்த இரண்டு முறிவுக்கும் வேர் ஒன்றுதான். வழக்கத்தைக் காப்பாற்ற ஆள் தேவை, ஆள் சேர்க்கும் ஒவ்வொரு முறையும் ஊரின் அரசியல் சாய்வும் மாறுகிறது. ஐந்தாவது ஆள் ஒருவர் வந்தால் மொத்தத்தில் இருபது சதவீதம் வந்துவிட்டது என்று பொருள்.

இதே வேலையை வேறொரு சிறு ஊருக்குச் செய்பவர்கள் சதவீதத்திலிருந்து தொடங்கக் கூடாது. இரண்டு தேர்தல்களின் பட்டியலை வாங்கி நீங்கிய பெயர், சேர்ந்த பெயர், நிலைத்த பெயர் என்று மூன்று கட்டாகப் பிரிப்பதிலிருந்து தொடங்க வேண்டும். அடுத்து, நிலைத்தவர்களுக்குள் குறைந்தபட்சம் எத்தனை பேர் மாறியிருக்க வேண்டும், அதிகபட்சம் எத்தனை பேர் மாறியிருக்கலாம் என்று இரு எல்லையையும் போட வேண்டும். இடைவெளி ஊரின் அளவில் பாதிக்கு மேல் இருந்தால் சாய்வு மாறியது என்று எழுதாமல் நிறுத்திக்கொள்ள வேண்டும். ஓட்டு எண்ணிக்கை நூறைத் தாண்டும்வரை சதவீதமே எழுதாமல் ஆள் கணக்கிலேயே எழுதலாம். ஆறு பேரில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் வாக்குப்பதிவு 83.3 சதவீதம் என்று எழுதுவதைவிட, ஐந்து பேர் வந்தார்கள், ஒருவர் வரவில்லை என்று எழுதினால் படிப்பவருக்கு நடந்தது தெரியும். அப்படி எழுதும்போது வராத அந்த ஒருவர் யாரென்று ஊருக்கே தெரியும் என்பதையும் நினைத்துக்கொண்டு, வெளியிடலாமா என்று ஒருமுறை யோசித்துவிட்டு வெளியிட வேண்டும்.